மீன் தொட்டியில் பாசி: கழுவக் கழுவ ஏன் திரும்பி வருது? செட்டிநாட்டு வெயிலில் என்ன செய்யலாம்?

இரண்டடி கண்ணாடித் தொட்டி. அடியில் கொஞ்சம் மணல், நாலைந்து செடி, பத்து மோலி மீன். முதல் வாரம் பார்க்கவே அழகாக இருக்கும். மூன்றாவது வாரம் கண்ணாடியில் லேசாக ஒரு பழுப்பு தட்டும். ஐந்தாவது வாரம் இலையெல்லாம் பச்சை நார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பொறுமை போய்விடும். மீனையெல்லாம் வாளியில் பிடித்துப் போட்டு, தண்ணியை முழுசா இறைத்து ஊற்றி, மணலைக் கழுவி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, தொட்டியைப் பளபளவென்று திரும்ப வைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். புதன்கிழமை இரண்டு மிதக்கும். அடுத்த மாதம் பாசி மறுபடி வந்துவிடும். மீன்தான் வராது.

மீன் வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதை இது. 'பாசி வந்து மீன் செத்துப் போச்சு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் பெரும்பாலும் மீனைக் கொன்றது பாசி அல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கழுவல். பாசி ஏன் வருகிறது, காரைக்குடி மாதிரி வெயில் ஊரில் ஏன் சீக்கிரம் வருகிறது, மீனுக்கு ஆபத்தில்லாமல் எப்படிக் குறைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

கழுவினால் மீன் ஏன் சாகிறது?

மீனின் கழிவிலும் மிச்சம் விழும் தீனியிலும் இருந்து அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். பில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக் கூட்டம் உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்காரர்கள்தான் தொட்டியை ஓட்டுகிறார்கள்.

பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் பிழிந்து, மணலையும் அலசி எடுத்தால் இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி போய்விடும். மறுநாளே அம்மோனியா ஏறத் தொடங்கும். தண்ணியின் சூடும் பிஎச் அளவும் கூடக்கூட அம்மோனியாவின் விஷத்தன்மையும் கூடும் என்பது இன்னொரு சிக்கல். கோடையில், உப்பு கூடுதலான போர் தண்ணியில் இது இரட்டை அடி.

இன்னும் ஒரு விஷயம். கண்ணாடியில் இருந்த பாசி போய்விட்டது, ஆனால் பாசி வரக் காரணமான வெளிச்சமும் தீனியும் அப்படியே இருக்கின்றன. போதாக்குறைக்கு, கழுவும்போது வேர் அறுபட்ட செடிகள் சில வாரம் வளராது. செடி சாப்பிட வேண்டியதையும் சேர்த்துப் பாசி சாப்பிடும். அதனால்தான் கழுவிய தொட்டியில் பாசி முன்பைவிட வேகமாக வருவது போலத் தெரிகிறது.

முற்றத்து வெளிச்சம்

பாசிக்கு வேண்டியது மூன்றே மூன்று: வெளிச்சம், தண்ணி, அதில் கரைந்த சத்து. செடிக்கு வேண்டியதும் அதேதான். ஆகவே செடி வளரும் தொட்டியில் பாசியே இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். யார் முந்திக்கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதில் வெளிச்சத்துக்குத்தான் முதல் இடம். செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பே நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் வளவு. வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் வர அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மீன் தொட்டி வாங்கியதும் பலரும் வைக்க நினைப்பது அந்த முற்றத்து ஓரத்தில்தான், இல்லாவிட்டால் ஜன்னலோரத்தில். வெயில் பட்டால் மீன் தகதகவென்று மின்னும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் நேரடி வெயில் தினமும் ஒரு மணி நேரம் விழுந்தால்கூட அந்தத் தொட்டியின் கட்டுப்பாடு வீட்டுக்காரர் கையில் இல்லை. மே மாதம் 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில் தண்ணியும் சேர்ந்து கொதிக்கும்.

முதல் வேலை, தொட்டியை வெயில் விழாத சுவரோரத்துக்கு மாற்றுவது. தண்ணி நிரம்பிய இரண்டடித் தொட்டி, கண்ணாடியும் மணலும் சேர்த்து 70 கிலோவுக்கு மேல் வரும். பாதிக்கு மேல் தண்ணியை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பேர் அடியில் பலகையோடு சேர்த்துத் தூக்க வேண்டும். மாற்றவே முடியாது என்றால், வெயில் வரும் பக்கத்துக் கண்ணாடியின் வெளிப்புறம் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டலாம். செலவு சில ரூபாய்தான், பலன் அதிகம்.

அடுத்தது விளக்கு. தொட்டியோடு வரும் எல்இடி விளக்கைக் காலை எழுந்ததும் போட்டு, ராத்திரி படுக்கும்போது அணைப்பது வழக்கம். அது 15, 16 மணி நேரம்! செடிக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். பாசி இருக்கும் தொட்டியில் ஆறு மணி நேரத்தில் ஆரம்பிப்பது நல்லது. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் டைமர் பிளக்கை மாட்டி, வீட்டில் ஆள் இருக்கும் சாயங்கால நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் மறதிப் பிரச்சினையும் இல்லை. இந்த ஒரு மாற்றத்தாலேயே மூன்று, நாலு வாரத்தில் வித்தியாசம் தெரியும். பாசிக்கு மருந்து தேடி அலைவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

ஊருணி சொல்லும் கணக்கு

சத்து விஷயத்துக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுப் புத்தகம் வேண்டாம், ஊர் ஊருணியைப் பார்த்தாலே போதும். காரைக்குடியைச் சுற்றியுள்ள பல ஊர்களில் குடிதண்ணிக்கு ஓர் ஊருணி, குளிக்க, துவைக்க, மாடு கழுவ வேறொன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். குடிதண்ணி ஊருணிக்குச் சுற்றுச்சுவர் இருக்கும், ஆடு மாடு இறங்காது, காலைக்கூட நனைக்க விடமாட்டார்கள். சோப்பும் சாணமும் போகாத தண்ணியில் பாசிக்குச் சாப்பாடு இல்லை. அல்லியும் தாமரையும் மேலே இலை விரித்திருந்தால் வெளிச்சமும் கீழே இறங்காது. சத்தைக் குறை, வெளிச்சத்தை மறை. அதே கணக்குதான் கண்ணாடித் தொட்டிக்கும்.

மாறாக, கோயில் குளத்தில் மீனுக்கென்று பொரியும் பிஸ்கட்டும் கொட்டுகிறார்களே, அந்தத் தண்ணியின் நிறத்தைப் பார்த்தால் மறுபக்கம் புரியும். மீன் தின்றது போக மிச்சம் அழுகும், அழுகியது பாசிக்கு உரமாகும்.

வீட்டுத் தொட்டியிலும் சத்து நுழையும் பெரிய வாசல் தீனி டப்பாதான். இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு முறை, கூடினால் இரு முறை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் கஷ்டமான பகுதி. போகும்போது ஒரு சிட்டிகை, வரும்போது ஒரு சிட்டிகை என்று ஆளாளுக்குப் போடுவார்கள். டப்பாவை ஒருவர் பொறுப்பில் கொடுத்து, மற்றவர் கைக்கு எட்டாமல் வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மீன் எண்ணிக்கையும் அப்படித்தான். இரண்டடித் தொட்டி கொள்ளும் தண்ணி சுமார் 50 லிட்டர். அதில் நாலு கோல்டு பிஷ் போட்டால் கழிவு தாங்காது. கோல்டு பிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், செடியையும் மேயும். செடித் தொட்டிக்கு அது பொருத்தமே இல்லை. கப்பி, மோலி, பிளாட்டி மாதிரி சின்ன மீன்கள் போதும். இவை கொஞ்சம் உப்புத்தன்மையான கடினத் தண்ணியையும் தாங்கும்.

சம்பை ஊற்றுத் தண்ணிக்குப் பேர் போன ஊர் காரைக்குடி. ஆனால் எல்லா வீட்டுக்கும் அந்தச் சுவை வருவதில்லை. போர் தண்ணியைத்தான் பலர் தொட்டிக்குப் பயன்படுத்துகிறார்கள். சில போர்களில் நைட்ரேட்டும் சேர்ந்தே வரும், அப்போது தண்ணி மாற்றுவதே பாசிக்குச் சாப்பாடு போடுவது போல ஆகிவிடும். மீன் கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் தொட்டித் தண்ணியை மட்டுமல்ல, குழாய்த் தண்ணியையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. ஆர்ஓ மெஷினில் வடிகட்டி வரும் நல்ல தண்ணியைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். தனி ஆர்ஓ தண்ணியில் செடிக்கும் மீனுக்கும் வேண்டிய தாது உப்பு இருக்காது. மெஷின் வெளியேற்றும் கழிவுத் தண்ணியைத் தொட்டிக்கு ஊற்றக் கூடாது. மழை பெய்யும்போது முதல் பத்து, பதினைந்து நிமிடத் தண்ணியை ஓடவிட்டு, பிறகு பிடித்து வைக்கும் மழைநீர் கலப்பதற்கு அருமையானது.

என்ன பாசி, என்ன சேதி சொல்கிறது?

தமிழில் 'பாசி' என்ற சொல்லே கொஞ்சம் குழப்பம் தருவது. படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, கண்ணாடியில் படிவதும் பாசி, ஊருணியில் கொடி கொடியாக மிதக்கும் நீர்ச்செடியும் பாசி. வேர், தண்டு, இலை என்று பிரிந்திருந்தால் அது செடி, தொட்டிக்கு நண்பன். அப்படி இல்லாத பச்சைதான் இங்கே பேசப்படும் பாசி. அதிலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறையைக் காட்டும்.

புதுத் தொட்டியில் முதலில் வருவது பழுப்புத் தூள். விரலால் தேய்த்தாலே போய்விடும். டயாட்டம் என்கிற வகை இது. தண்ணியிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கா சத்தில் வளரும். பயப்படவே வேண்டாம், தொட்டி பழகியதும் சில வாரத்தில் தானாகக் குறையும். இந்தக் கட்டத்தில் பதறிப் போய்த் தொட்டியைக் கழுவுபவர்கள்தான் அதிகம். கழுவினால் தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போகும், டயாட்டமும் மறுபடி வரும்.

கண்ணாடியில் பச்சைப் பொட்டு பொட்டாக, கையால் தேய்த்தால் போகாமல் ஒட்டியிருப்பது இன்னொரு வகை. விளக்கு அதிகம் என்பதன் அடையாளம். பழைய பிளேடால் சுரண்டினால் வந்துவிடும். அக்ரிலிக் தொட்டி என்றால் பிளேடு வேண்டாம், கோடு விழும்.

தலைமுடி மாதிரி நீளும் பச்சை நாருக்குப் பழைய டூத் பிரஷ்தான் ஆயுதம். உள்ளே விட்டு, சேவையைச் சுருட்டுவது போலச் சுற்றி எடுக்க வேண்டும். எடுத்த கையோடு செடிகளை அதிகமாக்க வேண்டும்.

செடி ஓரங்களில் கறுப்பாகக் குச்சம் கட்டியது போல வருவதுதான் தொல்லை பிடித்தது. பேர் கறுப்பு, ஆனால் இனம் சிவப்புப் பாசி; ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் இளஞ்சிவப்பாக மாறிச் சாகும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருக்கும் தொட்டிகளில் வாயு ஒரு நாள் கூடி, ஒரு நாள் குறைந்தால் இது கிளம்பும். ரொம்பப் பிடித்த இலைகளை வெட்டி எறிவதே சுலபம்.

மணல் மேல் கரும்பச்சைப் போர்வை மாதிரி விரிந்து, உரித்தால் தோல் போல வந்து, சேற்று நாற்றம் அடிக்கிறதா? அது பாசியே அல்ல. சயனோ பாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பழக்கத்தில் சொல்கிறோம். தண்ணி ஓட்டம் இல்லாத மூலையில், கழிவு தேங்கும் இடத்தில் தொடங்கும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பில்டர் தண்ணி அந்த மூலைக்குப் போகும்படி திருப்பிவிட வேண்டும். பாக்டீரியா என்று கேள்விப்பட்டதும் சிலர் மருந்துக்கடை ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தொட்டியில் கரைக்கிறார்கள். வேலை செய்யலாம். ஆனால் காரணம் அப்படியே இருந்தால் அது திரும்பி வரும், பில்டர் பாக்டீரியாவும் அடிபடலாம், அந்த மருந்துத் தண்ணி கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது இப்படியும்தான்.

மூன்று நாள் இருட்டு

தண்ணியே பச்சைச் சாறு மாதிரி மாறிவிட்டால்? கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி அது. எவ்வளவு தண்ணி மாற்றினாலும் மிச்சம் இருப்பது இரண்டே நாளில் பெருகிவிடும். இதற்கும், மேலே சொன்ன நீலப்பச்சைக்கும் காசில்லாத வைத்தியம் இருட்டு.

பாதித் தண்ணியை மாற்றிவிட்டு, விளக்கை அணைத்து, கனமான போர்வையால் தொட்டியை நாலு பக்கமும் மூடி விட வேண்டும். மூன்று நாள். இடையில் எட்டிப் பார்க்கக் கூடாது, தீனியும் வேண்டாம். ஆரோக்கியமான மீன் மூன்று நாள் பட்டினியைத் தாங்கும், வேர் பிடித்த செடியும் தாங்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தால் கட்டாயம் மூடிவிட வேண்டும். காற்று மோட்டார் மட்டும் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. போர்வை காற்று போக இடம் விட்டு இருக்க வேண்டும். நாலாம் நாள் திறந்ததும் மறுபடி பாதித் தண்ணி மாற்ற வேண்டும். செத்த பாசியை உள்ளேயே விட்டால் அது அழுகி அடுத்த பாசிக்கு உரமாகும்.

காற்று மோட்டார் ஏன் அவ்வளவு முக்கியம்?

பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசியும் செடியும் இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். செத்த பாசியை அழுக வைக்கும் கிருமிகளும் ஆக்சிஜனைத் தின்னும். சூடான தண்ணியில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். பாசி மண்டிய தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து திணறுவதற்குக் காரணம் இதுதான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் கதை முடிந்தது. கோடையில் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருப்பது மீனுக்குக் காப்பீடு.

இதே கணக்கு பெரிய அளவில் நடந்ததைப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் மண்டபம் பகுதிக் கடல் பச்சையாக மாறியது. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி கட்டுக்கடங்காமல் பெருகியதே காரணம். தண்ணியில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின, பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன. கடலிலேயே இப்படி என்றால் 50 லிட்டர் எம்மாத்திரம்!

சூட்டைக் குறைக்க, தண்ணிப் பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சின்ன மேஜை விசிறி வைத்தாலே இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணி வேகமாக ஆவியாகும். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவை நிரப்ப மட்டும் ஆர்ஓ தண்ணி அல்லது மழைநீர் ஊற்றினால் உப்பு ஏறாது.

படிகாரம், மயில்துத்தம், பெராக்சைடு... எது சரி?

கலங்கிய தண்ணிக்குப் படிகாரம் போடுவதும், தேத்தாங்கொட்டையைப் பானையில் இழைத்து விடுவதும் இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். இரண்டும் மண் துகளை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைக்கும். குடிதண்ணியைத் தெளிய வைக்க அது சரி. மீன் தொட்டியில் படிகாரம் தண்ணியின் பிஎச் அளவைச் சட்டென்று இறக்கிவிடும், மீன் தாங்காது. பாசி வரக் காரணத்தையும் அது தொடுவதில்லை.

மயில்துத்தம் இன்னும் மோசம். தாமிரம் பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான். நத்தை, இறால் எல்லாவற்றையும் அதே வேகத்தில் கொல்லும், அளவு கொஞ்சம் பிசகினால் மீனையும் கொல்லும். தாமிரம் மணலில் தங்கிவிடும், பிறகு அந்தத் தொட்டியில் இறால் வளர்ப்பது சிரமம்.

கறுப்புக் குச்சப் பாசிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதக் கரைசல், புட்டியில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். சம அளவு சுத்தமான தண்ணி கலந்து 3 சதவீதமாக்க வேண்டும். பில்டரை நிறுத்தி, சிரிஞ்சில் எடுத்து, பாசி மேல் மட்டும் மெதுவாகப் பீய்ச்சி, பத்து நிமிடம் கழித்து பில்டரை ஓடவிடலாம். தொட்டித் தண்ணி 4 லிட்டருக்கு ஒரு மில்லிக்கு மேல் போக வேண்டாம். கையுறை அவசியம். 'லிக்விட் கார்பன்' என்று கடையில் விற்பதில் பலவும் குளூட்டரால்டிஹைடு கலந்தவை. ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கிருமி நீக்கப் பயன்படுவதும் அதே பொருள்தான். பாசியைக் கருக்கும், வாலிஸ்நேரியா மாதிரி நீள இலைச் செடிகளையும் சேர்த்துக் கருக்கிவிடும். புட்டியில் போட்டிருக்கும் அளவைத் தாண்டவே கூடாது.

இவையெல்லாம் கடைசி வழி. நிரந்தர வழி, பாசியோடு போட்டி போடும் செடிகளை நிறைய வைப்பது. மீன் கழிவின் அம்மோனியாவை நேரடியாக உறிஞ்ச நீர்ச்செடிகளுக்கு விருப்பம் அதிகம். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் 1999-ல் வெளியிட்ட புத்தகத்தில் வலியுறுத்தியதும் இதைத்தான்: அடியில் சாதாரண மண், மேலே மணல் அல்லது கூழாங்கல், நிறையச் செடி, குறைந்த செலவு. சிவகங்கைப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், செடி வேருக்கு அது பிடிக்கும். உரம் போடாத இடத்து மண்ணாகப் பார்த்து, சலித்து, ஓர் அங்குலம் பரப்பி, மேலே ஓர் அங்குலத்துக்கு மேல் கழுவிய மணல் மூடினால் போதும். வயல் மண்ணும் சாணமும் யூரியாவும் வேண்டாம். யூரியா தண்ணியில் அம்மோனியாவாக மாறும், பாசிக்கு விருந்து, மீனுக்கு விஷம்.

ஆரம்பத்தில் அழகுக்காக மெதுவாக வளரும் செடி வாங்காமல், ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா மாதிரி வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட வேண்டும். இரண்டுமே நம் ஊர் நீர்நிலைகளின் செடிகள், வெயிலும் பழக்கம். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் இருந்தால் விளக்கு வெளிச்சத்தையும் மறைக்கும். பாதிப் பரப்புக்கு மேல் பரவினால் அள்ளி எறிய வேண்டும். எறிவது குப்பையில் அல்லது செடித்தொட்டி உரத்தில், கண்மாயில் அல்ல. ஆகாயத்தாமரை மூடிய நீர்நிலைகளைத் தமிழ்நாடு போதுமான அளவு பார்த்துவிட்டது.

'டேங்க் கிளீனர்' மீன் வாங்கலாமா?

'பாசியா? இதை ஒண்ணு போடுங்க, எல்லாத்தையும் தின்னுடும்' என்று கடையில் கையில் கொடுப்பது சக்கர் எனப்படும் டேங்க் கிளீனர் மீன். விரல் நீளம் இருக்கும், விலையும் குறைவு. சின்ன வயதில் கண்ணாடியை வழிப்பது உண்மைதான். ஆனால் தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் ஓர் அடிக்கு மேல் வளரும். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் தீனிக்கு வரும், செடியைப் பிடுங்கும், கழிவைக் குவிக்கும். பாசிக்கு வைத்தியமாக வாங்கியது பாசிக்கு உரக்கடையாகிவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து நடப்பது. தொட்டிக்குள் அடங்காத மீனைக் கொல்ல மனம் வராமல், 'புண்ணியமாப் போகட்டும்' என்று ஊருணியிலோ கண்மாயிலோ விடுகிறார்கள். தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா நீர்நிலைகளில் இந்த மீன் பரவியிருப்பது இப்படித்தான். உடம்பெல்லாம் கவசம் மாதிரி செதில், வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை மண் சரியும். தண்ணியில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் இருக்க வேண்டிய இடமும் தீனியும் அதற்குப் போகும். ஓர் ஊருணிக்குள் நுழைந்துவிட்டால் அது வற்றும் வரை வெளியேற்ற வழியில்லை. வளர்க்க முடியாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுப்பதும், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைப்பதும்தான் சரி.

தங்க நிறத்தில் விற்கும் 'அல்கே ஈட்டர்' மீனும் வளர்ந்த பிறகு மற்ற மீன்களை விரட்டும் சண்டைக்காரர். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) உலகத்துக்கு அறிமுகம் செய்த அமானோ இறால் பாசி மேய்வதில் கெட்டிக்காரர். ஆனால் 28 டிகிரிக்கு மேல் தண்ணி போனால் சிரமப்படும். ஏசி இல்லாத காரைக்குடி வீட்டில் மே மாதம் அது பிழைப்பது கஷ்டம். செட்டிநாட்டு வெயிலுக்கு ஒத்து வருவது மோலியும், நெரைட் நத்தையும். மோலி நாள் முழுக்கக் கொறிக்கும். நெரைட் கண்ணாடிப் பொட்டையும் வழித்து எடுக்கும். ஆங்காங்கே வெள்ளைப் புள்ளியாக முட்டை ஒட்டும், ஆனால் நன்னீரில் அது பொரிக்காது, அதனால் நத்தை பெருகித் தொல்லை தராது.

வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம்

முழுக் கழுவலுக்குப் பதில், வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணி மாற்றினால் போதும். குழாய் வைத்து மணல் மேல் உள்ள கழிவை உறிஞ்சி எடுக்கும்போதே தண்ணியும் வெளியேறிவிடும். அந்தத் தண்ணி பூச்செடிக்கு நல்ல உரம். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தேய்க்கலாம். பில்டர் பஞ்சு அடைத்திருந்தால், எடுத்த தொட்டித் தண்ணியிலேயே ஒரு வாளியில் இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். குழாயடி வேண்டாம், சோப்பு வேண்டவே வேண்டாம். ஊற்றும் தண்ணி குளோரின் கலந்தது என்றால் முந்தின நாளே வாளியில் பிடித்துக் காற்று மோட்டாரை ஓடவிட வேண்டும், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும்.

ஒரு மாற்றம் செய்தால் மூன்று வாரமாவது பொறுத்துப் பார்க்க வேண்டும். விளக்கு, தீனி, மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பின்பக்கக் கண்ணாடியிலும் கல் மேலும் இருக்கும் மெல்லிய பச்சையைப் பழகியவர்கள் தொடுவதில்லை. மோலிக் குஞ்சுகள் பிறந்த முதல் வாரம் கொறிப்பதற்கு அதைவிட நல்ல தீனி கடையில் கிடையாது.